மீனுக்கு முன்னால் செடி

சென்னை கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டி, மணல், செடி, மீன் எல்லாம் ஒரே ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போகும். அடுத்த சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். பழி கடைக்காரர் மேல் விழும். பெரும்பாலும் குற்றவாளி அமோனியாதான்.

மீன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதுவே பிறக்கிறது. குளத்தில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அது ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கிக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு இருக்காது. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் அவை பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால், அமோனியாவில் கொல்லும் வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்.

செடி இங்கேதான் உதவுகிறது. அமோனியாவின் மற்றொரு வடிவமான அமோனியம் அதற்கு உரம், நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மீன் வாங்கும் காசில் பாதியைச் செடிக்குத் திருப்பி, முதல் நாளே நெருக்கமாக நட்டுவிடுவது நல்லது. அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999இல் எழுதிய நூல், சாதாரண மண்ணைப் பரப்பி மேலே சரளை மூடி, தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் வேலையைப் பெரும்பாலும் செடிகளிடமே விட்டது. இன்றும் பலர் அப்படித்தான் வளர்க்கிறார்கள்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கிரிப்டோகோரைன் வென்ட்டி. இலங்கைக்கே உரிய செடி. மங்கலான வெளிச்சத்திலும் பிழைக்கும். ஆனால் நட்ட சில நாளில் அதன் இலை கண்ணாடிபோல் ஆகி, தொட்டால் கூழாகக் கையோடு வந்துவிடும். பயந்துபோய்ப் பிடுங்கி எறிபவர்களே அதிகம். நர்சரியில் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே வளர்த்த இலைகள் அவை. நீருக்குள் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. அழுகியதைக் கிள்ளிவிட்டு வேரைத் தொடாமல் விட்டால், நடுவிலிருந்து ஓரம் நெளிந்த புது இலை எட்டிப்பார்க்கும். அனுபியாஸும் ஜாவா பெரணியும் வேறு ரகம்: அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள்.

விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் பாசிதான் கொழுக்கும். முதல் வாரங்களில் கண்ணாடியில் படியும் பழுப்பு நிறப் படலம் பெரும்பாலும் தானாகப் போய்விடும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தோ, அதற்கென விற்கும் மருந்தைக் கலந்தோதான் ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சை அந்தக் குழாயடியில் அலசினால் வளர்த்த பாக்டீரியாவெல்லாம் போச்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

மே மாதத்தில் ஹீட்டருக்கு வேலையில்லை. வெந்நீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் மூடியைத் திறந்து சின்ன மின்விசிறியைத் தண்ணீர்மேல் வீசவிட்டால், நீர் ஆவியாகி ஓரிரு டிகிரி இறங்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் மீன். இலங்கை ஓடைகளின் செர்ரி பார்ப் சாது, ஐந்தாறாக விடலாம். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும். மூன்று நாள் வெளியூர் போனால் பட்டினி போட்டுவிட்டே போகலாம், வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. தீனி டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.