முருகைக்கல்லை உண்ணும் உடுமீன்

1970களில் இலங்கையின் கிழக்குக் கரையோர முருகைக்கற்பார்களை முட்கிரீட உடுமீன் பெரிதும் அழித்தது. பாசிக்குடாவின் ஆழமற்ற பாரினைப் பேண விழைவோர் இதனை மறத்தலாகாது.

இவ்வுயிரி தன் இரைப்பையை வாய்வழியே வெளித்தள்ளி, முருகைக்கல்லின் உயிர்த்தசையைக் கரைத்து உட்கொள்கின்றது. எஞ்சுவது வெறும் வெண்கூடு. வெண்மையெல்லாம் இதன் வேலையன்று: 1998இல் கடல்நீர் சூடேறியமையாலும் இலங்கைப் பார்கள் வெளுத்தன. எனினும் வெளுத்த கல்லில் தசை சிலகாலம் உயிரோடிருக்கும். உண்ணப்பட்ட இடத்தில் இராது.

வெட்டியெறிதல் பயன்தராது, துண்டுகள் மீள வளரக்கூடும். முட்களிலோ நஞ்சுண்டு. அவுஸ்திரேலியாவில் பித்த உப்புக் கரைசலையோ வினாகிரியையோ ஊசிமூலம் செலுத்திக் கொல்கின்றனர். ஆயின் ஒரு பெண் உடுமீன் பருவமொன்றில் கோடிக்கணக்கில் முட்டையிடவல்லது. வயல் உரமும் விடுதிக் கழிவும் கடலிற் கலப்பின் நுண்பாசி பெருகிக் குடம்பிகளுக்கு உணவாகும் என்பர். இவ்வுடுமீனை உண்ணும் ட்ரைட்டன் பெருஞ்சங்கையோ, நாம் அலங்காரப் பொருளாக விலைகொடுத்து வாங்குகின்றோம்.