நோன்புக்கு முன் கடை திறக்க வேண்டுமா? ஆட்களையும் நாட்களையும் பங்கிடும் கணக்கு

பெருநாள் வியாபாரத்தை நம்பிக் கட்டட வேலை தொடங்காத வர்த்தகர் எமது பகுதியில் குறைவு. ஏறாவூரானாலும் ஓட்டமாவடியானாலும் காத்தான்குடியானாலும் கதை ஒன்றுதான். பழைய கடையை உடைத்து மாடி எழுப்புவோம், "இன்ஷா அல்லாஹ் நோன்புக்கு முன் திறந்துவிடுவோம்" என்போம். நோன்பு வரும், பெருநாளும் வரும். கடையின் முன்னால் மணற் குவியல் அப்படியே கிடக்கும்.

இதை எழுதுபவனும் அந்த வரிசையில் நின்றவன்தான். துணிக்கடைக்கு மேல் ஒரு மாடி கட்டத் தொடங்கினேன். கையில் பணம் இருந்தது. மூன்று மேசன்மாரும் ஆறு கையாட்களும் இருந்தார்கள். ஒக்டோபர் நடுவில் கொன்கிரீட் தட்டுப் போடுவதாகத் திட்டம். கம்பி வந்தது, பலகை வரவில்லை. பலகை வந்தபோது தட்டுக்குள் குழாய் பதிக்க வேண்டிய மின்வேலைக்காரர் செங்கலடியில் வேறொருவரின் வேலையில் இருந்தார். பதினொரு நாட்கள் ஒன்பது பேரும் தேநீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள், கூலி ஓடியது. அவர் வந்து குழாய் பதித்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நானும் பதற்றத்தில் இன்னும் ஆறு பேரைச் சேர்த்தேன். அதனால் வேலை விரைந்ததா என்பதைப் பின்னால் சொல்கிறேன். புறக்கோட்டையில் பின்திகதியிட்ட காசோலைக்கு எடுத்த பெருநாள் சரக்கு வீட்டு அறைகளில் மூட்டையாகக் கிடந்தது. காசோலைகளின் திகதிகள் ஒவ்வொன்றாக வந்தன. வீட்டிலுள்ள நகைகள் அடகுக்குப் போயின.

எனக்குப் பணக்குறையும் இல்லை, ஆட்குறையும் இல்லை. எந்த ஆள், எந்தப் பொருள், எந்த நாளில், எந்த இடத்தில் என்ற பங்கீடுதான் இல்லை. படித்தவர்கள் இதனைச் செயற்றிட்ட முகாமைத்துவம் என்கிறார்கள். பெயர் பெரிதாக இருப்பதால் இது கொழும்புக் கம்பனிகளின் விடயம் என்று எண்ணிவிடுகிறோம். எமது வரலாற்றிலேயே இதற்கு ஒரு சிறந்த பாடம் இருக்கிறது.

அகழ் வெட்டிய கணக்கு

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627. ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட கூட்டுப்படை மதீனாவை நோக்கி வருகிறது. நகரில் இருந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். அகழ் வெட்டும் யோசனையைச் சொன்னவர் ஸல்மான் அல்பாரிஸி (ரழி) என்பது நாமறிந்தது. அந்த யோசனை வேலையாக மாறிய விதத்தைத்தான் வர்த்தகர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நகரைச் சுற்றி முழுவதும் வெட்டவில்லை. மற்றப் பக்கங்களில் எரிமலைக் கற்பாறை நிலமும் அடர்ந்த பேரீச்சந் தோட்டங்களும் நெருக்கமான வீடுகளும் காவலாக இருந்தன. படை நுழையக்கூடிய வடபுறத்தில் மாத்திரமே வெட்டினார்கள். இருக்கும் கைகளையெல்லாம் தேவையான ஓரிடத்தில் குவித்தார்கள்.

இரண்டாவது, நபி (ஸல்) அவர்கள் கோட்டைக் குறித்து, பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று பிரித்துக் கொடுத்ததாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்திருக்கிறார். இந்தக் கணக்கைச் சற்றுப் போட்டுப் பாருங்கள். 3,000 பேர் என்றால் 300 குழுக்கள். 300 குழுக்களுக்கு நாற்பது முழப்படி 12,000 முழம், ஏறக்குறைய ஐந்தரை கிலோமீற்றர். "எல்லோரும் சேர்ந்து வெட்டுங்கள்" என்று மாத்திரம் சொல்லியிருந்தால், யார் எவ்வளவு வெட்டினார், எந்த இடம் பின்தங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திராது. நாற்பது முழம் என்று எல்லை போட்டவுடன் மாலையில் நடந்து பார்த்தாலே போதும், எந்தப் பத்துப் பேருக்கு உதவி தேவை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பத்து என்ற எண்ணும் கவனிக்கத் தக்கது. பத்துப் பேருக்குள் ஒருவர் சும்மா இருந்தால் மற்ற ஒன்பது பேருக்கும் தெரியும். ஐம்பது பேருக்குள் தெரியாது.

மூன்றாவது, ஓரிடத்தில் யாராலும் உடைக்க முடியாத பெரும்பாறை குறுக்கிட்டது. அந்தக் குழுவினர் தாமாகவே கோட்டை வளைத்துக்கொண்டு போகவில்லை. விடயத்தை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு சென்றார்கள். அன்னாரே இறங்கி வந்து அதனை உடைத்தார்கள். எமது கட்டடங்களில் நடப்பதோ வேறு. வரைபடத்தில் இல்லாத தூண் ஒன்று வந்தால் மேசன் ஒன்றைத் தீர்மானிப்பார், ஓடாவி வேறொன்றைத் தீர்மானிப்பார், முதலாளிக்குப் பூச்சு முடிந்த பின்னர்தான் தெரியவரும். சிறிய விடயத்தைக் குழுவே தீர்க்க வேண்டும். கோடு மாறும் விடயம் முதலாளியிடம் அன்றே வர வேண்டும். அதற்கு முதலாளி வேலைத்தலத்தில் இருக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தாமும் மண் சுமந்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி.

நான்காவது விடயம் விடுமுறை. ஸூரத்துந் நூரின் 62ஆவது வசனம், பொது வேலையில் இருக்கும்போது அனுமதி கேளாமல் விலகிச் செல்லாதோரைப் பற்றியது. அகழ் வேலையின்போது சொல்லாமல் நழுவியவர்களும், தேவை ஏற்பட்டபோது கேட்டுச் சென்று திரும்பி வந்து வேலையில் சேர்ந்தவர்களும் இருந்த சந்தர்ப்பத்தோடு இதனை இப்னு இஸ்ஹாக் தொடர்புபடுத்துகிறார். விடுமுறை கேட்பது குற்றமல்ல, சொல்லாமல் போவதுதான் திட்டத்தைக் குலைக்கும். எனது மின்வேலைக்காரர் செங்கலடிக்குப் போகும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு ஏற்பாடு செய்திருப்பேன். நானும் அவரிடம் திகதியைச் சொல்லி வைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது?

1957இல் அமெரிக்காவின் டூபொன்ட் இரசாயனக் கம்பனியில் தொழிற்சாலை வேலைகளைத் திட்டமிட ஒரு முறையை உருவாக்கினார்கள். சுருக்கம் இதுதான். எல்லா வேலைகளையும் எழுதி, எது முடிந்தால் எது தொடங்கும் என்று கோடுகளால் இணைக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் சங்கிலிகளில் மிக நீளமானது எதுவோ அதுதான் கட்டடத்தின் காலம். அந்தச் சங்கிலியில் ஒருநாள் பிந்தினால் திறப்பு விழா ஒருநாள் பிந்தும். மற்ற வேலைகளில் ஒருநாள் பிந்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

மாடிக் கடை ஒன்றில் அந்த நீண்ட சங்கிலி பெரும்பாலும் இப்படிப் போகும்: அத்திவாரம், தூண், பலகை அடித்தல், கம்பி கட்டல், மின்குழாய் பதித்தல், கொன்கிரீட் போடல், காயும் வரை காத்திருத்தல், பலகை கழற்றல், பூச்சு, தரை, அலுமாரி வேலை. முன்பக்கப் பெயர்ப்பலகையும் வாசற் கதவும் இதில் இல்லை. நானோ பெயர்ப்பலகைக்காக நான்கு முறை மட்டக்களப்புக்குப் போய் வந்தேன், மின்வேலைக்காரரை ஒரு முறைகூடத் தேடிப் போகவில்லை.

இதில் "காத்திருத்தல்" என்பதும் ஒரு வேலையே. கொன்கிரீட் தனது முழுப் பலத்தைக் கணக்கிடும் காலம் 28 நாட்கள். தட்டைத் தாங்கும் மரங்களைப் பொதுவாக இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் கழற்றலாகாது. இருபது பேரைக் கொண்டு வந்து நிறுத்தினாலும் அது ஒருநாள் முந்திக் காயப் போவதில்லை.

இனி நான் சேர்த்த ஆறு பேரின் கதைக்கு வருகிறேன். ஐபிஎம் கம்பனியின் பெரிய கணினி மென்பொருள் வேலையொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் ஒரு விடயத்தை எடுத்துச் சொன்னார். பிந்திப்போன மென்பொருள் வேலையில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும். புதியவருக்கு வேலையைக் காட்டிக் கொடுக்கப் பழையவரின் நேரம் போகிறது. ஒருவரோடொருவர் பேசித் தீர்க்க வேண்டிய விடயங்களும் பெருகுகின்றன. நான்கு பேருக்கிடையே ஆறு சோடிகள்தான், எட்டுப் பேராகும்போது 28, பன்னிரண்டு பேராகும்போது 66. மண் சுமப்பது போன்ற வேலைக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது, பூச்சுக்கும் தரைக்கும் நன்றாகவே பொருந்தும். எனது கடையில் புதிய மேசன் பூசிய சுவரைப் பழைய மேசன் குறை சொன்னார். இருவரும் இரண்டு நாட்கள் பேசவில்லை. இரண்டு மேசன்மாருக்கும் கலவை கொடுக்க இயந்திரம் ஒன்றுதான்.

ஆகவே ஆள் கூட்டுவதற்கு முன், நெருக்குகிற இடம் எது என்று பார்க்க வேண்டும். எமது ஊரில் அது பெரும்பாலும் ஒரே ஒரு நல்ல ஓடாவியாகவோ மின்வேலைக்காரராகவோ இருக்கும். அவர் மூன்று இடங்களில் வாக்குக் கொடுத்திருப்பார். மற்றவர்களின் நாட்களை அவருடைய நாட்களுக்கு ஏற்ப அமைக்க வேண்டும். நாம் செய்வது தலைகீழ். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையெங்கும் ஒரே காலத்தில் வீடுகள் எழும்பியபோது இதை எல்லோரும் அனுபவித்தோம். பணம் வந்திருந்தது, தேர்ந்த மேசன் கிடைக்கவில்லை, கூலியும் பொருள் விலையும் ஏறின.

எதை விடுவது?

பங்கீடு என்றால் கொடுப்பது மாத்திரமல்ல. எமக்கு அருகிலுள்ள உதாரணம் மாதுறு ஓயா. 1968இல் தயாரான மகாவலிப் பெருந்திட்டம் 30 வருடங்களுக்கு வகுக்கப்பட்டது. 1977இல் வந்த அரசாங்கம் அதனை ஆறு வருடமளவில் சுருக்க முற்பட்டது. எல்லா அணைகளையும் அப்படிக் கட்ட முடியாது என்பதால் சிலவற்றை மட்டும் தெரிவு செய்து, வெவ்வேறு நாடுகளின் உதவியோடு சமகாலத்தில் தொடங்கினார்கள். விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. மாதுறு ஓயா அணை 1983இல் முடிந்தது. இடது கரை வேலைகள் நடந்தன, வலது கரை அபிவிருத்தி பல தசாப்தங்கள் கிடப்பில் கிடந்தது. போரும் பணமுமாக அதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்த விவாதம் இந்தப் பத்திக்குரியதல்ல. அவசரப்படுத்தும் எந்தத் திட்டத்திலும் ஏதோ ஒன்று விடுபடும் என்பதே எமக்கு வேண்டியது. விடுபடுவதை நாமே முதலில் தெரிவு செய்யாவிட்டால் காலம் தெரிவு செய்துவிடும். நான் தட்டைப் போட்டவுடன் கீழ்த்தளத்தை மாத்திரம் முடித்து, மாடியைச் செங்கலோடு விட்டிருந்தால் பெருநாள் வியாபாரம் நடந்திருக்கும். இரண்டு தளத்திலும் பாதிப் பாதி வேலை செய்து இரண்டையும் இழந்தேன்.

நாட்காட்டி

ரமழான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாட்கள் முந்தி வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமழானும் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமழானும் ஆரம்பிக்கவிருக்கின்றன. இதன் பொருள் என்ன? அந்த ஆண்டுகளில் பெருநாளுக்கு முந்திய மூன்று மாதங்கள் எமது மாரிக் காலமாக இருக்கும். பெருநாள் கோடையில் வந்த காலத்து வழக்கப்படி, நோன்புக்கு மூன்று மாதம் முன் வேலை தொடங்குபவர் வெள்ளத்துக்குள்தான் தொடங்குவார். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். கூரை அல்லது மேல்தட்டு செப்டெம்பருக்குள் முடிந்தாக வேண்டும். மழைக்காலத்தை உள்வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெரும்போக அறுவடைக் காலத்தில் கையாட்கள் வயலுக்குப் போவார்கள். செங்கலடி, வந்தாறுமூலைப் பக்கமிருந்து வரும் தமிழ்ச் சகோதரர்களுக்குத் தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி உண்டு. எமக்கு ஜும்ஆ உண்டு, நோன்பில் பகல் வேலை பாதிதான். இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். தெரிந்த நாட்களை எழுதாமல் விட்டு, பிந்திய பின் ஆட்களைக் குறை கூறுவது நியாயமல்ல.

பணமும் பொருளும்

பணத்தையும் இதே நாட்காட்டியில் எழுத வேண்டும். 2021இல் ஆயிரம் ரூபாயளவில் விற்ற சீமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டதைக் கண்டவர்கள், எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கி அடுக்கிவிட நினைக்கிறார்கள். கம்பிக்கு அது சரி. சீமெந்துக்குச் சரியல்ல. மூன்று மாதம் கிடந்த மூட்டையின் பலம் கணிசமாகக் குறையும், மாரி ஈரத்தில் கட்டியாகிவிடும். தட்டுப்போடும் நாளுக்கு இரண்டு வாரத்திற்கு முன் வாங்கினால் போதும். அந்தப் பணம் அதுவரை கடையில் சுழலட்டும்.

கொந்தராத்தா, நாட்கூலியா என்று கேட்கிறார்கள். அளந்து பார்க்கக்கூடிய செங்கல் கட்டு, பூச்சு போன்றவற்றுக்குக் கொந்தராத்து நல்லது. அகழின் நாற்பது முழம் போல எல்லை தெளிவாக இருக்கும். திருத்த வேலைக்கும் நுணுக்க வேலைக்கும் நாட்கூலி நல்லது. அவசரத்தில் கெடுத்துவிட மாட்டார்கள். எதுவானாலும் கூலியை வியாழன் மாலையே கணக்கு முடித்துக் கொடுப்பது வேலைக்கும் நல்லது, மார்க்கமும் அதையே சொல்கிறது. கூலி நிலுவையில் இருக்கும் ஆள் சனிக்கிழமை வேறு தலத்தில் நிற்பார்.

அந்த மாடி மறு வருடம் பங்குனியில்தான் முடிந்தது. பிறகு பின்புறம் சிறிய களஞ்சியமொன்று கட்டினேன். இம்முறை சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மின்வேலைக்காரரின் இரண்டு நாட்களை முதலில் வட்டமிட்டு, முற்பணமும் கொடுத்து, மேசனின் நாட்களை அதற்குப் பின்னர்தான் எழுதினேன். நான்கு பேர்தான் வேலை செய்தார்கள். குறித்த திகதிக்கு ஆறு நாட்கள் பிந்தி முடிந்தது. அதில் மூன்று நாட்கள் மழை.