சிங்கப்பூர் கையெழுத்து இங்கே செல்லுமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத ஊர் குறைவு. அப்படி ஒரு குடும்பத்தில் தகப்பனார் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. தாயும் தம்பியும் ஊரில்; அண்ணன் சிங்கப்பூரில்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதவேண்டும். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் அனுப்புகிறார். செல்லுமா?

வெறும் காகிதம் செல்லாது! அது அண்ணன் கையெழுத்துதான் என்று சப்-ரிஜிஸ்திரார் எப்படி நம்புவார்?

"அவர்தான் இங்கே இல்லையே" என்று அண்ணன் பெயரையே விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் கேட்பவர்களும் உண்டு. அது பெரிய தவறு. கடல் கடந்து போனதால் அண்ணன் பங்கு கரைந்துவிடாது.

அண்ணன் அங்குள்ள இந்தியத் தூதர் அலுவலகத்துக்குப் போகலாம். அதிகாரி முன்னிலையில் தம்பிக்குப் 'பவர்' பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். இது பழைய வழி.

இன்னொரு வழி, அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு 'அப்போஸ்டில்' என்னும் முத்திரை பெறுவது. 1961-ல் ஹேக் நகரில் பல நாடுகள் செய்த ஒப்பந்தம் இது. இந்தியாவில் 2005-லும், சிங்கப்பூரில் 2021-லும் அமலுக்கு வந்தது. இதில் சேராத நாடுகளும் உண்டு. விசாரித்துக்கொள்வது நல்லது.

பவர் வந்ததும் பெட்டியில் பூட்டி வைத்துவிடாதீர்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். தபால் உறையைக் கிழித்து எறியவும் வேண்டாம். வந்த தேதிக்கு அது அத்தாட்சி.

ஆனால் வெளிநாட்டு முத்திரை கையெழுத்துக்குத்தான் சாட்சி. நிலம் யாருக்கு என்று அது சொல்லாது. வெளிநாட்டுக் கோர்ட்டு சொன்னாலோ?

பெங்களூர் ராமலிங்க முதலியார் 1942-ல் உயில் எழுதிவைத்துக் காலமானார். "இது குடும்பச் சொத்து, உயில் செல்லாது" என்று மகன்கள் வழக்காடினார்கள். மைசூர் கோர்ட்டில் தோற்றார்கள். அப்போது மைசூர் தனிச் சமஸ்தானம். சென்னைக் கோர்ட்டுக்கு அது அந்நியக் கோர்ட்டு! சென்னை மாகாணத்தில் இருந்த நிலம், வீடுகளை அந்த மைசூர்த் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1962-ல் சொல்லிவிட்டது.

அதற்காக, வெளிநாட்டில் உறுதிசெய்யப்பட்ட உயில் வீண் என்று நினைக்கவேண்டாம். அந்தக் கோர்ட்டு அத்தாட்சி செய்த நகலை இங்குள்ள கோர்ட்டில் கொடுத்து, சொத்தை நிர்வகிக்க உத்தரவு கேட்கலாம். 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது.