கணினிக்குள்ளேயே ஒரு கையேடு

லினக்ஸ் கணினியில் ஒரு கட்டளையை எப்படிப் பயன்படுத்துவது என்று மறந்துபோச்சு, இணையமும் இல்லை. யாரைக் கேட்பீர்கள்? பெரும்பாலும் அந்தக் கணினியையே கேட்கலாம்! டெர்மினலைத் திறந்து எம், ஏ, என் என மூன்று எழுத்தைத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரையும் தட்டி என்டரை அழுத்துங்கள். விளக்கம் முழுவதும் திரையில் வந்துவிடும். படித்து முடித்ததும் கியூ எழுத்தைத் தட்டினால் வெளியே வந்துவிடலாம். லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். அதற்காக கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971-இல் எழுதிய கையேட்டின் வழிவந்ததுதான் கணினிக்குள் இருக்கும் இந்தக் கையேடு. புதிதாகக் கற்பவர்களே, எல்லாக் கட்டளையையும் மனப்பாடம் செய்யத் திணற வேண்டாம். கையேட்டைத் திறந்து பார்க்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் தானே வரும்!