மினமாட்டா: 400-ம் நம்பர் பூனை காட்டிக்கொடுத்தது என்ன?

1950-களில் ஜப்பானின் மினமாட்டாவில் பூனைகள் தள்ளாடி, வலிப்பு வந்து செத்தன. எல்லாம் கடல் மீன் தின்ற பூனைகள். அதே மீனைச் சாப்பிட்ட மனிதர்களுக்கும் கை நடுக்கம், பேச்சுக் குழறல்.

சந்தேகம் சிஸ்ஸோ கெமிக்கல் ஆலை மேல. ஆலை மருத்துவமனையின் டாக்டர் ஹஜிமே ஹொசோகாவாவே கழிவுநீரைத் தீனியில் கலந்து பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில் 400-ம் நம்பர் பூனைக்கும் அதே வலிப்பு!

ரிசல்ட்டை நிர்வாகம் அமுக்கிவிட்டது. கழிவில் இருந்தது மெத்தில் மெர்க்குரி. மீன் வழியாக மூளைக்குப் போகும்; கருவில் இருக்கும் குழந்தையையும் விடாது. (நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துடும்னுதான் அப்போ டாக்டர்களே நம்பினாங்க.) அந்தக் கழிவு கடலுக்குப் போவது 1968-ல்தான் நின்றது. 1970-ல், புற்றுநோயோடு படுக்கையில் இருந்தபடியே, பூனை விஷயத்தை ஹொசோகாவா சாட்சியமாகச் சொன்னார்.