தேன் இல்லாத பூவுக்கு வண்டு வருவது ஏன்?

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. ஒரு சொட்டுக்கூட இல்லை!

ஆனாலும் பொழுது விடிந்ததும் கருவண்டு அதைத் தேடி வந்துவிடுகிறது. மூங்கிலிலும் காய்ந்த மரத்திலும் துளை போட்டுக் குடியிருக்குமே, அதே வண்டுதான்.

அதற்கு வேண்டியது மகரந்தம். மஞ்சளாக இருக்கும் அந்தப் பூந்தூளை, வேறு பூவில் எடுத்த தேனோடு பிசைந்து உருண்டை பிடிக்கும். அந்த உருண்டையின் மேல் முட்டையிடும். குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு.

ஆவாரை வானம் பார்த்த பூமியின் செடி. புல் காய்ந்த மேய்ச்சல் தரையிலும் சாலை ஓரத்திலும், யாரும் தண்ணீர் விடாமலே பூத்துக் குலுங்கும். கொங்கு நாட்டில் பொங்கல் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு இதுவும் சேரும். தெலுங்கானா 2014-ம் ஆண்டில் இதைத் தன் மாநிலப் பூவாக்கியது.

பூட்டிய பெட்டி!

பல பூக்களில் மகரந்தப் பை வெடித்துத் திறந்துகொள்ளும். ஆவாரையில் அப்படி அல்ல. பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. மிளகுத்தூள் குப்பியைப் போல, குலுக்கினால்தான் கொட்டும்.

கருவண்டு பூவை இறுகப் பிடித்துக்கொள்ளும். இறக்கையை அடிக்காமல், பறக்க உதவும் தசைகளை மட்டும் அதிர வைக்கும். "விர்ர்..." என்று சத்தம் கேட்கும். உடனே மகரந்தம் பீறிட்டு அதன் வயிற்றில் படியும். அதில் ஒட்டிய மிச்சம் அடுத்த பூவில் பட்டால் காய் பிடிக்கும்.

தேன் கூடு கட்டும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. சிந்தியதைப் பொறுக்குவதோடு சரி!

கத்தரிக்காயும் இதே கதை

கத்தரிப் பூவுக்கும் இதே பூட்டுதான். தேன் இல்லை, நுனியில் துளை. காற்றில் ஆடினாலும் ஓரளவு காய்க்கும். வண்டு வந்து குலுக்கினால் கூடுதலாகக் காய்க்கும்.

ஆனால் கத்தரி ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. வண்டுக்கோ வயிறு இருக்கிறது! தோட்டம் வெறுமையாகக் கிடக்கும் நாட்களில் அதற்குச் சோறு போடுவது பக்கத்துத் தரிசில் நிற்கும் ஆவாரை.

அந்தத் தரிசைத்தான் "வெறும் புதர்" என்று மண் அள்ளும் இயந்திரத்தை விட்டு அரை நாளில் வழித்துவிடுகிறார்கள். முன்பு தோல் பதனிடப் பட்டையை உரித்தார்கள். அப்போதும் வேர் மிஞ்சினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பெயர்த்தால் என்ன மிஞ்சும்?

வரப்போரம் நாலு செடியை விட்டுவைக்கக் காசு செலவில்லை. பக்கத்தில் காய்ந்த மூங்கில் ஒன்று கிடந்தால், கருவண்டு அதிலேயே குடியேறவும் கூடும்.