பட்டு நெய்த கைகள்

இன்றைய இஸ்தான்புல் அன்று பைசாந்தியப் பேரரசின் தலைநகரம், பெயர் கான்ஸ்டான்டிநோபிள். அங்கே பட்டு என்றால் பொன்னுக்கு நிகர். கச்சாப் பட்டோ பாரசீகத்தார் கையைத் தாண்டித்தான் வரவேண்டும். ஏறக்குறைய 552-இல், ஜஸ்டினியன் ஆட்சியில், துறவிகள் சிலர் கீழ்த்திசையிலிருந்து பட்டுப்பூச்சி முட்டைகளைக் கொண்டுவந்தார்கள். சாணத்தின் சூட்டில் பொரிக்கவைத்து, மல்பெரி இலை கொடுத்து வளர்த்தார்களாம்.

காலப்போக்கில் கிரேக்க நாட்டுத் தீப்ஸ் நகரம் பட்டு நெசவில் பேர்பெற்றது. அந்தப் பேரே வினையாயிற்று. 1147-இல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் படை, பொன்னோடு நெசவாளர்களையும் பெண்களையும் வாரிக்கொண்டு போயிற்று. சூறையில் விலைமதிப்பானது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். 1158-இல் சமாதானம் ஏற்பட்டது. கைதிகள் வீடு திரும்பினார்கள். நெசவு தெரிந்த ஏழைகளை மட்டும் சிசிலி அனுப்பவில்லை.